மேடை இசை நாடகம் பார்ப்பது எப்படி: குமரி மாவட்டத்து இளம் ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இசை நாடகம் பார்க்கும் பழக்கத்தை நான் தலைகீழாகத் தொடங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில், ஊரடங்கினால் கல்லூரி மூடிக் கிடந்த நாட்களில், தக்கலையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, நியூயார்க் மேடையில் 2016-இல் படம்பிடிக்கப்பட்ட ‘ஹாமில்டன்’ இசை நாடகத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். அதன்பின் கிடைத்த பதிவுகளையெல்லாம் தேடித் தேடிப் பார்த்து, ஐந்து ஆண்டுகள் சேர்த்த பணத்தோடு 2025 மார்ச்சில் மும்பைக்குப் போய் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வை நேரில் பார்த்தேன். ஊர் திரும்பிய சில வாரங்களில், பாட்டா (என் தாத்தா) வற்புறுத்தியதால், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பங்குனித் திருவிழாவில் ஓர் இரவு கதகளி பார்க்க உட்கார்ந்தேன். மும்பையில் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டுவிட்டு வந்தேன் என்பது அங்கேதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் கற்றிருக்க வேண்டியதைக் கற்காமல், ஒன்றரை நாள் ரயிலேறிப் போய், பாதியை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த வரிசையை நேராக்குவதற்காகவே இதை எழுதுகிறேன். முதலில் ஊர்த் திடல், அடுத்து பக்கத்து நகரம், அதற்கும் பிறகு பெரிய அரங்கு என்ற முறையில் போனால், செலவழிக்கும் பணமும் இரவும் முழுதாகக் கைக்கு வரும்.

எதைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பாட்டு இருக்கும் நாடகமெல்லாம் இசை நாடகம் ஆகிவிடாது. ஒரு பாட்டு முடிந்த பிறகு, அது தொடங்கியபோது இருந்த இடத்திலேயே கதை நிற்கிறதென்றால் அந்தப் பாட்டு வெறும் அலங்காரம். பாட்டுக்குள்ளேயே ஒருவர் மனம் மாறியிருந்தால், ஒரு பொய் வெளிப்பட்டிருந்தால், ஒரு சண்டை முற்றியிருந்தால் அதுவே நாம் தேடுவது. இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால், எந்த மொழியில் எந்த ஊரில் உட்கார்ந்தாலும் தடுமாற வேண்டியதில்லை.

யார் பாடுகிறார் என்பதையும் தொடக்கத்திலேயே பிரித்துப் பார்க்கப் பழகுவது நல்லது. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ முதலிய நாடகங்களிலும் மேற்கத்திய மியூசிக்கல்களிலும் நடிப்பவரே பாடுகிறார். கதகளியில் நடிப்பவர் வாய் திறப்பதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பாடகர்கள் அவருக்காகப் பாடுகிறார்கள். வில்லுப்பாட்டில் வேடமே கிடையாது. ஒரே புலவர் கதை சொல்பவராகவும் கதைக்குள் இருப்பவராகவும் மாறி மாறிப் பாடுகிறார். திரையில் நடிகருக்கு வேறொருவர் பின்னணி பாடுவதைக் கேட்டே வளர்ந்த நமக்குக் கதகளியின் ஏற்பாடு உண்மையில் அந்நியமாகத் தோன்றவே கூடாது. ஆனாலும் என் வயதுக்காரர்கள் பலருக்கு அது விளங்காத கலை என்ற பயம் இருக்கிறது; எனக்கும் இருந்தது.

ஊரில் எங்கே, எப்போது

நம் மாவட்டத்தில் இதற்குத் தனியாகக் காலண்டர் எதுவும் அச்சிடப்படுவதில்லை. திருவிழா நோட்டீஸே காலண்டர். சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் பூசை நேரங்களைத் தாண்டி, இரவு 8 மணிக்குக் கீழே இருக்கும் வரிகளைப் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

திருவட்டாற்றில் ஐப்பசியிலும் பங்குனியிலும் திருவிழா நடக்கிறது. இரண்டிலும் இரவில் கதகளி உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததன் எச்சம் அது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் ஓரளவு காதில் ஏறும் என்பதால், சென்னையிலிருந்து வருபவருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துக் கோயில் விழாக்களில் சில ஆண்டுகள் கேரளக் குழுக்களின் ‘பாலே’ என்னும் நாட்டிய நாடகமும் வரும். முன்பே பதிவு செய்த பாட்டுக்கும் வசனத்துக்கும் வாயசைத்து ஆடும் அந்த வடிவத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை என்றாலும், காட்சி மாற்றத்தின் வேகத்தைக் கற்க அது நல்ல இடம்.

வில்லுப்பாட்டுக்கு அம்மன் கோயில் கொடையும் (கொடை என்றால் ஊர்ச் சாமிக்கு எடுக்கும் விழா) சுடலைமாடன் கொடையும்தான் இடம். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளை ஒட்டி நடக்கும். கடற்கரை ஊர்களில் பங்குத் திருவிழாவின் ஏதாவதோர் இரவில் நாடகம் இருக்கும். புனிதர்களின் கதையையோ விவிலியக் கதையையோ ஊர்ப் பிள்ளைகளே பாடி நடிப்பார்கள். பயிற்சி குறைவாக இருக்கலாம். ஆனால் மேடையில் பாடுபவர் பக்கத்து வீட்டு அண்ணன் என்பதால், ஒரு மனிதர் பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும்போது அவர் உடம்பு என்ன செய்கிறது என்பதை மிக நெருக்கமாகப் பார்க்க முடியும்.

இந்த நிகழ்ச்சிகளுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது. கதை பிடிபடாமல் தூங்கிப்போனாலும் பணம் போய்விட்டதே என்ற வருத்தம் இல்லை. பழகுவதற்கு இதைவிடச் சிறந்த இடம் வேறில்லை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போவதற்கு முன் தயாராகும் முறை

கதையை முழுவதும் தெரிந்துகொண்டு போங்கள். முடிவு தெரிந்துவிட்டால் சுவை கெட்டுவிடும் என்பது சினிமாவிலிருந்து நாம் கொண்டுவந்த அச்சம். பாடிச் சொல்லும் கதையில் அது செல்லாது. வள்ளியை முருகன் மணப்பான் என்பதை அறியாத ஒருவர்கூட ‘வள்ளி திருமணம்’ நடக்கும் திடலில் இருக்கமாட்டார். அப்படியிருந்தும் அந்த நாடகம் நூறாண்டுக்கும் மேலாக விடியவிடிய நடக்கிறதென்றால், மக்கள் அங்கே ‘என்ன நடக்கும்’ என்பதற்காக உட்கார்ந்திருக்கவில்லை என்றுதானே பொருள்? பாட்டின் சொற்கள் நேரில் பாதிதான் காதில் விழும். கதையைத் தேடிக்கொண்டிருக்கும் மூளைக்கு மெட்டைக் கவனிக்க இடமிருக்காது.

பாட்டு விஷயத்தில் என் யோசனை வேறு. இரண்டு மூன்று பாட்டுகளை மட்டும் முன்கூட்டியே பலமுறை கேட்டுக்கொண்டு, மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பழகிய பாட்டு வரும்போது, பதிவிலிருந்து இந்த இரவின் பாடல் எங்கே விலகுகிறது என்று கேட்க முடியும். கேட்டறியாத பாட்டு வரும்போது முதல்முறை கேட்பதன் அதிர்ச்சி மிச்சமிருக்கும். மும்பைக்குப் போவதற்கு முன் நான் முழுப் பாடல் தொகுப்பையும் மனப்பாடம் செய்திருந்தேன். விளைவு என்னவென்றால், மேடையில் பாடுபவரை மறந்து, என் தலைக்குள் இருந்த பதிவோடு ஒத்துப்போகிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே முதல் பாதியைக் கழித்துவிட்டேன்.

கதகளிக்கு இன்னொரு சிறு தயாரிப்பு தேவை. அன்றைய ஆட்டக்கதையில் (கதகளிக்காக எழுதப்பட்ட பாட்டு நூலில்) சுலோகம் எது, பதம் எது என்று பிரித்து அறிந்துகொள்ளுங்கள். சுலோகம் கதை சொல்பவரின் குரல், நடந்ததைச் சொல்லும். பதம் கதைக்குள் இருக்கும் ஒருவர் இன்னொருவரிடம் பேசுவது. சுலோகம் வரும்போது காட்சி மாறுகிறது, பதம் வரும்போது உரையாடல் தொடங்குகிறது என்பது தெரிந்துவிட்டால், கை முத்திரைகளில் ஒன்றுகூடத் தெரியாதவரும் கதையைத் தொடரலாம்.

பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, நாடகக் கொட்டகைக்குப் போன தலைமுறை கடைப்பிடித்த நடைமுறையாகச் சொல்கிறேன். கடைசிப் பேருந்து போன பிறகுதான் கதை சூடுபிடிக்கும்; ஆகவே திரும்புவது விடியற்காலை முதல் பேருந்தில் என்று வீட்டில் முன்னதாகவே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். பெண் பிள்ளைகள் பாட்டாவையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு போவதில் ஒரு கூடுதல் ஆதாயம் உண்டு. துணைக்கு வருபவருக்குக் கதை தெரிந்திருக்கும்.

எங்கே உட்காருவது

திடலில் எல்லோரும் மேடைக்கு நேர் எதிரே பாய் விரிப்பார்கள். நீங்கள் சற்று ஒதுங்கி, இசைக்காரர்கள் தெரியும் கோணத்தில் உட்காருங்கள். இசை நாடகத்தில் ஆர்மோனியக்காரரின் கையும், நடிகரின் கண்ணும் ஒன்றையொன்று தேடுவதைப் பார்க்காவிட்டால் பாதி நாடகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பெஷல் நாடகம் என்னும் இசை நாடக வகையில் ராஜபார்ட் (நாயக வேடக்காரர்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (நாயகி வேடக்காரர்) வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாக அழைக்கப்பட்டு வருகிறார்கள். ஒத்திகை கிடையாது, அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். எந்தச் சுருதி, எந்தப் பாட்டு, எத்தனை முறை என்பதெல்லாம் அந்தக் கண் பேச்சில் முடிவாகிறது.

பெரிய அரங்கில் இதே தேவைக்கு வேறு விடை. முன்வரிசை இருக்கைக்கு அதிகப் பணம் கொடுப்பது முதல்முறை பார்ப்பவருக்கு வீண் செலவு என்பது என் கருத்து. மேடை முழுவதும் ஒரே பார்வையில் அடங்கவும், எல்லாக் குரல்களும் ஒன்றாகக் கலந்து வரவும் நடுவரிசைகளும் முதல் பால்கனியின் முன்பகுதியும் போதும். பால்கனிக்குக் கீழே வெகு பின்னால் இருக்கும் வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். மேற்கூரை தாழ்ந்திருப்பதால் ஒலி அடைபட்டு வரும். ஒருமுறை ஒரு நகர அரங்கில் குறைந்த விலை என்று பதிவு செய்த என் இருக்கை, தூணுக்குப் பின்னால் இருந்தது. விற்றவர்கள் அதைச் சொல்லவில்லை. நானும் இருக்கை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அன்று கதாநாயகியை நான் குரலாக மட்டுமே அறிவேன்.

கேட்கும் முறை: இதற்குத்தான் மற்றவை எல்லாம்

திருவட்டாற்றில் அன்று ‘கீசகவதம்’. இரயிம்மன் தம்பி எழுதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் திருவிதாங்கூர் அரசவையில் இருந்தவர் அவர். சைரந்திரியாக மறைந்து வாழும் பாஞ்சாலியிடம் கீசகன் ஆசை சொல்லும் பதம் காம்போதி ராகத்தில் தொடங்கியது. ஒரே வரியைப் பாடகர்கள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். மூன்றாம் முறை வந்தபோது எனக்குச் சலித்தது; கைப்பேசியை எடுத்தேன். பாட்டா என் கையைத் தட்டிவிட்டு, “மக்களே, ஒரே வரிண்ணு நெனைக்காத. ஒவ்வொரு தடவையும் அவன் கையில வேற என்ன சொல்லுகான்ணு பாரு” என்றார்.

பார்த்தேன். முதல் முறை அந்த வரிக்குக் கீசகன் அவள் கண்களைக் காட்டினான். அடுத்த முறை தன் பெருமையைக் காட்டினான். அதற்கடுத்த முறை அவள் விலகி நிற்பதைக் கண்டு கோபத்தை மறைத்துச் சிரித்தான். சொல் ஒன்று, மெட்டு ஒன்று, பொருள் மட்டும் மூன்றாக மாறியிருந்தது. முன்பாடகரான பொன்னானி கையில் சேங்கிலை என்னும் வெண்கலத் தட்டைத் தட்டியபடி, நடிகர் அந்தப் பொருளை முடிக்கும்வரை வரியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்த கணத்தில் அடுத்த வரிக்கு விட்டார். சிங்கிடி என்னும் இரண்டாம் பாடகர் இலத்தாளம் என்னும் கைத்தாளத்தோடு அதையே வாங்கிப் பாடினார்.

மும்பையில் என் கண்ணெதிரே நடந்தும் நான் கேட்காமல் விட்டது இதைத்தான். ‘ஃபேன்டம்’ நாடகத்தில், ஓபரா அரங்கின் கூரைமேல் காதலர் இருவர் ஒரு மெட்டில் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறார்கள். அதை மறைந்திருந்து கேட்ட முகமூடி மனிதன் அதே மெட்டை வலியோடு பாடுகிறான். இரண்டாம் பாதியில், அந்தப் பெண்ணிடம் கெஞ்சும்போது, தனக்கு உரியதல்லாத அந்தக் காதல் மெட்டையே கடன் வாங்கிப் பாடுகிறான். இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் அவனுக்குப் புதிய மெட்டு கொடுக்காததுதான் அவனுடைய துயரம். அந்த இடத்தில் அரங்கம் உறைந்திருந்ததை நான் உணர்ந்தேன், காரணம் விளங்கவில்லை. திருவட்டாற்றில் ஒரே வரி மூன்று பொருள் கொண்டதைப் பார்த்தபின், வீட்டுக்கு வரும் வழியில், விடியற்காலைப் பேருந்தில்தான் அது விளங்கியது.

ஆகவே முதல் பயிற்சி இது: திரும்பி வரும் மெட்டைப் பிடியுங்கள். யார் முதலில் பாடியது, இப்போது யார் பாடுகிறார், எந்த நிலையில் பாடுகிறார் என்ற மூன்று கேள்விகளை மனத்துக்குள் கேட்டால் போதும். மேற்கத்திய மியூசிக்கல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது வேலை செய்யும்.

இரண்டாவது, பாட்டு நாடகத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மேற்கத்திய நாடகத்தில் தொடக்கத்திலேயே முக்கியப் பாத்திரம் தனக்கு என்ன வேண்டும் என்று பாடிவிடும். அந்த ஆசைப் பாட்டைத் தவறவிட்டால் மீதி இரண்டு மணி நேரமும் அவர் எதற்காக அலைகிறார் என்பது தெரியாது. இடைவேளைக்கு முன் கதையை அந்தரத்தில் தொங்கவிடும் ஒரு பெரிய பாட்டு வரும். முடிவு நெருங்கும்போது, களைத்த பார்வையாளரை நிமிர்த்தி உட்காரவைக்கும் ஒரு பாட்டு வரும். முன்பு நாடகங்கள் இரவு எட்டரைக்குத் தொடங்கிய காலத்தில் அது சரியாகப் பதினொரு மணிவாக்கில் வந்ததால் ‘பதினொரு மணிப் பாட்டு’ என்றே அதற்குப் பெயர். நம் இசை நாடகத்திலும் இப்படி இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பாத்திரம் அறிமுகமாகும்போது தன்னைச் சொல்லும் பாட்டு, செய்தியைச் சுருக்கித் தரும் விருத்தம், எதிரெதிர் நின்று வாதாடும் தர்க்கப் பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும் இடத்துக்காகவே தூங்காமல் விழித்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதிவைத்த பாட்டின் நடுவே, எதிரே நிற்பவர் எதிர்பாராத கேள்வியைத் தொடுக்க, பாட்டிலேயே பதில் வந்து விழுகிறதா என்பதே அங்கே பந்தயம்.

மூன்றாவது, மூச்சையும் மைக்கையும் கவனியுங்கள். திடல் நாடகத்தில் மைக் மேலிருந்து தொங்கும். பாட வேண்டியவர் அதன் அடிக்கு வந்தாக வேண்டும். ‘இப்போது பாடப்போகிறார்’ என்பது அந்த நாலடி நடையிலேயே தெரிந்துவிடும். தேர்ந்த நடிகர் அந்த நடையையும் நடிப்பாக்கிவிடுவார். பெரிய மியூசிக்கலில் மைக் நடிகரின் முடியோரத்தில் ஒளிந்திருக்கும். பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்பதே தெரியாது. எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். மைக்கே இல்லாமல் கொட்டகையின் கடைசி ஆள்வரை குரலைக் கொண்டுசேர்த்த காலம் ஒன்று இருந்தது. செங்கோட்டையில் பிறந்து 1933-இல் 27 வயதிலேயே மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் புகழ், அந்தக் குரலை நேரில் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்தது. அன்று செங்கோட்டையும் திருவிதாங்கூர்தான். ஆகவே அவரை நம் பக்கத்துக்காரர் என்று நான் சற்று உரிமையோடு சொல்லிக்கொள்வதுண்டு.

வில்லுப்பாட்டில் கவனிக்க வேண்டியது இந்த மூன்றிலிருந்தும் சற்று வேறுபட்டது. புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டி, மணிகள் குலுங்க ஒரு வரியை எடுக்க, அருகில் இருப்பவர்கள் ‘ஆமா’ போட்டு அதைத் தாங்குகிறார்கள். அந்த ‘ஆமா’வின் தொனியைக் கேளுங்கள். வியப்பு, ஏளனம், பரிதாபம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் ஏறும். கூட்டத்தில் இருக்கும் நம் சார்பில் அவர்கள் கதையைக் கேட்கிறார்கள். உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கும்போது கதையில் சாவு நெருங்குகிறது என்று கொள்ளலாம். கொடை விழாவில் அந்த வேகத்தில் சாமியாடி எழுந்துவிடுவார். அது நிகழ்ச்சியின் பகுதியல்ல, வழிபாடு. அப்போது கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பது மரியாதைக் குறைவு.

பக்கத்து நகரங்கள்

ஊரில் நாலைந்து இரவுகள் உட்கார்ந்த பிறகு, திருவனந்தபுரம் போங்கள். நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். டாகூர் தியேட்டரிலும், கனகக்குன்று அரண்மனை வளாகத்தின் நிசாகந்தி திறந்தவெளி அரங்கிலும் ஆண்டு முழுவதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். மலையாள மேடையில் பாட்டுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது, 1952-இல் கே.பி.ஏ.சி. என்னும் நாடகக் குழு அரங்கேற்றிய தோப்பில் பாசியின் நாடகத்துக்கு ஓ.என்.வி. குறுப்பு எழுதி தேவராஜன் இசையமைத்த பாட்டுகள் நாடகத்தைவிட்டு வெளியே வந்து வயல்களிலும் தெருக்களிலும் பாடப்பட்டன.

ஸ்பெஷல் நாடகம் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் இரவு 10 மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். முதலில் பபூன் என்னும் கோமாளி, அவரோடு டான்சர், அதன்பின்தான் கதை. புதிதாகப் போகிறவர்கள் பபூன் காட்சியை நீளம் என்று நினைத்து அப்போது டீக்கடைக்குப் போவார்கள். அங்கேதான் தாளம் எவ்வளவு கூர்மையாக நகைச்சுவைக்கு வேலை செய்கிறது என்பது தெரியும். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலிருந்து வந்த நம் நாகர்கோவில்காரர் என்.எஸ்.கிருஷ்ணன், சிரிப்பின் நேரக்கணக்கை மேடையில்தான் கற்றிருக்க வேண்டும்.

சென்னையில் கலாசேத்திராவின் நாட்டிய நாடகங்களை டிசம்பர், ஜனவரி விழாக் காலத்தில் பார்க்கலாம். ருக்மிணி தேவி 1944-இல் அமைத்த ‘குற்றாலக் குறவஞ்சி’ மேடையேறினால் தவறவிடாதீர்கள். குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்த நமக்கு, குறத்தி மலைவளம் பாடும்போது அந்த மலை கண்ணில் தெரியும்.

பெரிய அரங்குக்குப் போகும்போது

மும்பை பாந்திரா குர்லா வளாகத்தில் 2023 மார்ச் இறுதியில் திறக்கப்பட்ட நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்தின் பெரிய அரங்கில் 2,000 பேர் உட்காரலாம். அதே ஆண்டு மே மாதம் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ அங்கே வந்தது. வெளிநாட்டுக் குழுக்கள் சில வாரங்கள் மட்டும் தங்கி நடத்திவிட்டுப் போவார்கள் என்பதால், அறிவிப்பு வந்ததும் முடிவெடுக்க வேண்டும்.

பணக் கணக்கைப் போடும்போது டிக்கெட்டை மட்டும் பார்க்காதீர்கள். ரயில், இரண்டு இரவு தங்கல், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்ந்தால் குறைந்த விலை டிக்கெட்டைவிடக் கூடுதலாகும். நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு நேரடி ரயில் உண்டு. ஒன்றரை நாளுக்கும் மேலாகும். முதலில் ரயில் ரிசர்வேஷன் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடம் உறுதியான நாளை ஒட்டி நாடக டிக்கெட் எடுங்கள். நாடகத்தன்று காலை வந்து சேரும் ரயிலை நம்பாதீர்கள். முந்தின நாளே சேர்ந்துவிடுங்கள். வார நாள் காட்சிகளில் நல்ல இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

விளம்பரத்தில் இருந்த முகம் அன்று மேடையில் இல்லாமல் போகலாம். பெரிய நாடகங்களில் ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் மாற்று நடிகர்கள் தயாராக இருப்பார்கள். சிலர் ஏழெட்டு வேடங்களைக்கூட மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஏமாந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒத்திகையே இல்லாமல் சந்திக்கும் ஸ்பெஷல் நாடக நடிகர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மாற்று நடிகர் எப்படி மற்றவர்களோடு பொருந்துகிறார் என்பதே ஒரு தனி விருந்து.

கை தட்டும் இடமும் ஊருக்கு ஊர் மாறும். அங்கே பாட்டு முடிந்த பின்புதான் தட்டுவார்கள். இசைக்குழு அந்தக் கைதட்டலுக்காகவே ஒரு கணம் நிற்கும். நடுவில் சேர்ந்து பாடுவது பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லை. நம் பழைய கொட்டகையில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் நடிகர் செத்துக் கிடந்தாலும் எழுந்து வந்து மறுபடி பாடிவிட்டுச் சாவார் என்று பாட்டா சொல்லிச் சிரிப்பார். கதகளியிலோ யாரும் தட்டுவதில்லை. செண்டை அடங்கும்போது ஒரு பெருமூச்சு மட்டும் கேட்கும்.

வந்த பிறகு

வீட்டுக்கு வந்ததும், தூங்குவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். நாள், இடம், நாடகம், யார் பாடினார்கள் என்பவை இரண்டு வரி. அடுத்து, திரும்பி வந்த மெட்டு ஒன்று. புரியாமல் போன இடம் ஒன்று. அபிப்பிராயங்களை மறுநாள் எழுதிக்கொள்ளலாம், அவை எங்கும் ஓடிவிடாது. புரியாத இடம்தான் விடிந்தால் மறந்துபோகும். முடிந்தால் இசைக்காரர் யாரிடமாவது அதைக் கேட்டுவிடுங்கள். திடலில் பெட்டி கட்டும் நேரத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் சொல்லாதவர் இல்லை. ஆனால் அவர்கள் அடுத்த ஊருக்கு வண்டி ஏற வேண்டியவர்கள், ஒரு கேள்வியோடு விட்டுவிட வேண்டும்.

என் நோட்டில் மும்பை இரவுக்கு நான்கு பக்கங்கள் இருக்கின்றன. அதில் இரண்டு பக்கம் நாடகத்தில் சரவிளக்கு விழும் காட்சியைப் பற்றி. மெட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருவட்டாற்று இரவுக்கு அரைப் பக்கம்தான். அதன் கடைசி வரியில், ‘கீசகனின் மூன்றாவது சிரிப்பு: பாடகர் ஏன் அங்கே மூச்செடுக்கவில்லை?’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசித் திருவிழா நோட்டீஸ் வந்ததும் அதைக் கேட்பதற்காகப் போக வேண்டும்.